வரிக்கைக்குப் பிறந்த கூழன்

பட்டிங்காரனைப் போல ஒரு கத்திக்காரன் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் பிறந்ததும் இல்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. சொந்தப் பெயர் அவன் பெண்டாட்டிக்கே மறந்திருக்கும். அம்பூரியில் ரப்பர் தைக்கு, அதாவது கன்றுக்கு, பட்டிங் என்று மொட்டு ஒட்டிப் பழகின கை, சும்மா இருக்காது.

கல்யாண வீட்டில் எல்லோரும் பந்திக்கு ஓடினால் அவன் பின்பக்க மாமரத்தில் மொட்டுத் தேடிக்கொண்டிருப்பான். கொல்லயிலில் மாப்பிள்ளை வீட்டாரோடு பெண் பார்க்கப் போன இடத்தில், "ரெண்டு பூ சேந்தா விதையில எவன் இருப்பான்னு மரத்துக்கே தெரியாது. மொட்டு ஒட்டினா அச்சு அசல் அதே மரமாக்கும்!" என்று சொல்லிவிட்டான்.

"அப்ப எம் மவன வெட்டி ஒட்டவா?" என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார்.

என் முற்றத்தில் ஒரு வரிக்கைப் பிலாமரம் நின்றது. சுளையைக் கடித்தால் மொறுமொறுவென்று சத்தம் கேட்கும், அப்படியொரு இனிப்பு. அதில் ஒரு குச்சிகூட யாருக்கும் கொடுத்ததில்லை. பட்டிங்காரன் குச்சி கேட்டு வந்தால், "எலே, வந்த வழியே திரும்பு" என்பேன். எனக்கென்ன? அதன் சுளைக்குள்ளிருந்த குரு முளைத்த கன்று கிணற்றடியில் வளர்ந்து நின்றதே!

ரோடு அகலப்படுத்த வந்தவர்கள் மரத்தில் சிவப்புக் குறி போட்டார்கள். நான் கலங்கவில்லை. கிணற்றடிக் கன்றின் முதல் சக்கைப் பழத்தை அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவைத்து வெட்டினேன். கை உள்ளே போய்விட்டது. கஞ்சி மாதிரி வழிகிற கூழன்! எவன் தோட்டத்து விளையில் நின்ற கூழனோ காற்றில் பூம்பொடி அனுப்பியிருக்கிறான்.

மறுநாள் மரம் வெட்ட ஆள் வரும். நானே பட்டிங்காரன் வீட்டுக்கு நடந்தேன்.

"எலே, கத்தி உண்டா?"

குத்திக்காட்டுவான் என்றுதான் நினைத்தேன். "வாறேன் அக்கா" என்று சோற்றுக் கையைக் கழுவிவிட்டு எழுந்தான்.

மரத்தின் மொட்டுகளைப் பட்டையோடு எடுத்து ஆறு பிலாத் தைகளில் ஒட்டி, பிளாஸ்டிக் நாடா சுற்றினான். ஐந்து கருகிப்போயின. மிச்சமிருந்த ஒன்றின் முன்னால் தினமும் குந்தி, "மக்கா, சதிச்சிராத" என்று கெஞ்சினான். நாடாவை அவிழ்த்து நகத்தால் சுரண்டினால், பச்சை! மொட்டு பிடித்துவிட்டது. ரெண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரிச் சிரித்தோம்.

இந்த வருஷம் அது காய்த்தது. முதல் சுளையை வாயில் போட்டேன்; வெட்டுப்பட்ட மரமே திரும்பி வந்திருந்தது.

இப்போதும் வருவான். முதலில் மரத்திடம் சுகம் விசாரிப்பான், பிறகுதான் என்னிடம். இருந்தாலும் வளைவில் அவன் தலை தெரிந்ததும் நான் கட்டன்சாயாவுக்கு அடுப்பில் வெள்ளம் வைத்துவிடுவேன்.