வடசூலமும் ஒரு கூஜா பாலும்

திங்கட்கிழமை இரவு கூடத்தில் 'சர்ர்க்... டக்' என்று ஒரு சத்தம். ஐந்து மாதக் குழந்தையை வாரிக்கொண்டு, ஏசுவையும் முருகனையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். கான்வென்டில் படித்தால் இது ஒரு வசதி.

வந்தது திருடன் இல்லை, காற்று. முட்டுக் கொடுத்திருந்த குழவிக்கல்லைக் கதவு தள்ளிக்கொண்டு வந்திருந்தது. ஐப்பசி மழையில் ஊதிப்போன கதவு. என் வீட்டுக்காரர் தோளால் இடித்தால்தான் தாழ்ப்பாள் விழும். அந்தத் தோளோ சிதம்பரத்தில் இருந்தது.

காரணம், கார். யாரோ பெரிய மனிதர் முப்பது வருஷம் வைத்திருந்த கார். "காலையில போறேன், வாங்கறேன், சாயங்காலம் ஓட்டிக்கிட்டு வர்றேன்" என்று போனவர்.

மறுநாள் பஸ் கண்டக்டர் மணவாளன் கையில் கடிதம்தான் வந்தது. 'கார் தேர் மாதிரி இருக்கிறது. ஆனால் செவ்வாய், புதன் வடக்கே சூலம். நம் கடலூர் வடக்கு. வியாழன் புறப்படுகிறேன். தைரியமாக இரு.'

பக்கத்து வீட்டு ஆசியா உம்மாள் சேதி கேட்டுவிட்டு வந்தார். அவர் புருஷன் மலேயாவில்.

"நான் வந்து இடிச்சுத் தாழ் போட்டுத் தரட்டா?"

"போட்டுட்டு எப்படிக்கா வெளியே போவீங்க?"

"அட ஆமா. மாமியா வேற தனியா கெடக்கு." யோசித்தார். "எம் புருசன் கப்பல்ல வர்ற நாளவிட, ஒன் புருசன் சிதம்பரத்துலேர்ந்து வர ஜாஸ்தி ஆவும் போலிருக்கே!"

சிரித்தேன். அவர் போனதும் அழுதேன்.

அன்று இரவு குழவிக்குத் துணையாக அரிசி டின்னும் டிரங்குப் பெட்டியும் கதவோரம் போயின. எனக்குத் துணை இல்லை. குழந்தைக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வரை சொன்னேன். அது தூங்கிவிட்டது. பேச ஆளில்லாமல் அவருடைய பஞ்சாங்கத்தை எடுத்தேன். வடக்குச் சூலம்: செவ்வாய், புதன். பக்கத்திலேயே, பரிகாரம்: பால்.

புதன் முதல் பஸ்ஸில் மணவாளன் கையில் ஒரு கூஜா பால் போயிற்று.

"அவர் குடிக்கிற வரைக்கும் நகராதீங்க. நாலு பேர் பார்க்கட்டும்."

பத்து மணிக்குக் காலிக் கூஜாவோடு மணவாளன் வந்தார்.

"குடிச்சாரா?"

"குடிச்சாரும்மா, வெளக்கெண்ணெ மாதிரி. 'சூலம் போச்சி, எடுங்க சார்'னு எல்லாரும் சொல்லிட்டாங்க. எங்க எடுக்கறது? திங்கக்கெழமையே காரு மூச்ச வுட்டுடுச்சாம். தெருவே தள்ளிப் பாத்துது, அசையல."

"அப்போ சூலம்?"

"வெக்கத்துக்கு வேற என்னம்மா பேரு வெப்பாரு? ரெண்டு மாடு பூட்டியாச்சி. வந்துடுவாரு."

இரவு ஒன்பதுக்கு வந்தார். முன்னால் மாடுகள். உள்ளே ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி அவர், மாடுகளுக்கு ஹார்ன் அடித்துக்கொண்டு.

"பால் நல்லா இருந்ததுங்களா?"

"சக்கரை ஜாஸ்தி."

மாட்டுக்காரர் போனதும் மெதுவாகச் சொன்னார். "கார் கதவுக்குப் பூட்டு இல்ல. எவனாவது டயரைக் கழட்டிடுவான். நான் இதுலயே படுத்துக்கறேன்."

நான் சண்டை போடவில்லை. பாய், தலையணை, குழந்தை மூன்றையும் கொண்டுவந்து பின் ஸீட்டில் ஏறிக்கொண்டேன்.

"என்ன பண்றே?"

"தாழ் விழாத வீட்டுல தனியா இருக்கறதுக்கு, பூட்டு இல்லாத கார்ல மூணு பேரா இருக்கலாங்க."

மழை பிடித்தது. காரின் கூரை நாலு இடத்தில் ஒழுகியது. முதல் சொட்டு குழந்தை நெற்றியில். ஹார்னைவிட நன்றாகவே கத்தினாள். தெருவில் ஜன்னல்கள் திறந்தன.

அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கூடத்துக்கு வந்ததும் அவளை என்னிடம் கொடுத்துவிட்டு, கதவைத் தோளால் ஒரே இடி.

தாழ்ப்பாள் விழுந்தது.