கண்ணைக் கட்டிக்கினு ஒரு பெல்ட் டெஸ்ட்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. திருச்சானூர் போயி, கோமளா அக்காவப் பாத்து, எங்க பெல்ட்டுக்கு "சரி"ன்னு ஒரு வார்த்தை வாங்கிக்கினு வரணும்.

என்ன பெல்ட்டுன்னு சொல்லிடறேன். கண்ணு தெரியாதவங்களுக்காக நாங்க செய்யறது. இடுப்புல கட்டிக்கினா, எதிர்ல ஆளோ சுவரோ வந்தா அந்தப் பக்கம் 'ர்ர்ர்'னு அதிரும். இடது பக்கம் அதிர்ந்தா வலது பக்கம் ஒதுங்கணும். அவ்ளோதான்.

திருப்பதியில ஒரு மாடி ரூம்ல மூணு பேரு உக்காந்து ஒரு வருஷமா பண்ணது. மூணு பேருக்கும் கண்ணு நல்லாத் தெரியும்.

கோமளா அக்காவுக்கு பொறந்ததுலேர்ந்தே பார்வை இல்ல. புத்தலப்பட்டு ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சர். தினம் கையில குச்சியோட தனியா பஸ் ஏறிப் போயி வர்றவங்க. அவங்க சங்கத்துல இருபது பேருக்கு பெல்ட் குடுக்கறதா இருந்தோம். போட்டுப் பாக்கச் சொல்லி அக்காகிட்ட ஒன்ன ஒரு வாரம் முன்னாடியே குடுத்திருந்தேன். அக்கா சரின்னா குடுக்கலாம். இல்லன்னா ஒரு வருஷ வேலை மூட்டை கட்டி மூலையிலதான்.

"எப்படிக்கா இருக்கு பெல்ட்டு?"

"கழட்டி வெச்சுட்டேன் தம்பி."

"ஏங்க்கா?"

"இடுப்புக்கு மேல இருக்கறதெல்லாம் சொல்லுது. நான் தடுக்கி விழறது கீழ இருக்கறதுல. உன் பேச்சக் கேட்டு குச்சிய மடிச்சு பையில வெச்சுக்கினு போனேன். புதன்கிழமை சாக்கடைக் குழியில கால விட்டேன். உன் பெல்ட்டு கம்முனு இருந்துச்சு."

முழங்கால்ல பெரிய கட்டு. மனுஷனா இருந்தா அதப் பாத்ததும் மன்னிப்பு கேட்டிருப்பான். நான் இன்ஜினியர்.

"கொஞ்சம் பழகணும்க்கா"ன்னேன்.

அக்கா முழங்கால் கட்டத் தடவிக்கினாங்க. அப்புறம் கேட்டாங்க. "நீ கட்டிக்கினு நடந்திருக்கியா?"

"ஓ! ரூம் பூரா நடந்திருக்கேன்."

"கண்ணத் தொறந்துக்கினா?"

ரோஷம் பொத்துக்கினு வந்துடுச்சு! பெல்ட்ட வாங்கி மாட்டினேன். கைக்குட்டையால கண்ண இறுக்கிக் கட்டினேன். "கோயில் தெரு வரைக்கும் நடந்து காட்றேன், வாங்கக்கா!"

அக்கா குச்சிய எடுத்துக்கினு பின்னாடியே வந்தாங்க.

மொதல் இருபது அடி பிரமாதம். இடது பக்கம் 'ர்ர்ர்'. ஒதுங்கினேன். வலது பக்கம் 'ர்ர்ர்'. ஒதுங்கினேன். ஒரு மாடு பெருமூச்சு விட்டுச்சு, அதையும் தாண்டிட்டேன்!

அப்பதான் பக்கத்துல ஒரு பொம்பள குரல். "ஏமி மொக்கு பாபு?"

என்ன வேண்டுதல்னு தெலுங்குல கேக்கறாங்க. திருச்சானூர் மாதிரி கோயில் ஊர்ல ஒருத்தன் கண்ணக் கட்டிக்கினு கோயில் பக்கம் நடந்தா வேற என்னன்னு நெனைப்பாங்க?

"வேண்டுதல் இல்லம்மா. டெஸ்ட்டு."

"ஐயோ, பரீட்சையா!" அந்தம்மா தமிழுக்கு மாறிட்டாங்க. "மொதல் தடவையா?"

"இல்லம்மா, இது மூணாவது." நான் சொன்னது பெல்ட்டோட மாடல்.

"மூணு தடவை எழுதறியா! பாவம் புள்ள! வேண்டுதல்ல செருப்பு போடலாமா? கழட்டு கழட்டு!"

கழட்டிட்டேன். ஏன் கழட்டினேன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல.

"வழி விடுங்க! தாரி இவ்வண்டி! பரீட்சைக்கு வேண்டிக்கினு வர்றான்!"ன்னு அந்தம்மா முன்னாடி கத்திக்கினே போனாங்க. எங்கியோ ஒருத்தர் "கோவிந்தா!"ன்னாரு. உடனே தெருவே "கோவிந்தா!"ன்னுச்சு.

கூட்டம் ரெண்டு பக்கமும் ஒதுங்கிடுச்சு. எதிர்ல ஈ காக்கா இல்ல. பெல்ட்டு கப்சிப்.

"பாத்தீங்களாக்கா, எவ்ளோ சுலபமா போறேன்!"

"உனக்கு வழி விடறாங்கடா!"ன்னு பின்னாடிலேர்ந்து அக்கா குரல் வந்துச்சு.

நான் வீசி நடந்தேன். நாலாவது அடியில கால் எதுலயோ மெத்துனு புதைஞ்சுது. மாவு மாதிரி. கணுக்கால் வரைக்கும்.

பெல்ட்டு கம்முனு இருந்துச்சு.

"ஏய்! கண்ணு தெரியல?" கடைக்காரர் போட்ட சத்தத்துல கோவிந்தாவே நின்னுடுச்சு. கடை முன்னாடி தரையில கோபுரமா குவிச்சு வெச்சிருந்த குங்குமமாம்.

"கண்ணு தெரியாதவ நான்தாங்க," அக்கா அமைதியா சொன்னாங்க. "அவனுக்கு நல்லாவே தெரியும்."

கட்ட அவுக்கப் போனேன். அந்தம்மா என் கையப் புடிச்சுக்கினாங்க. "அவுக்காத நைனா! கோயில் வாசல்லதான் அவுக்கணும். நாலாவது தடவையும் எழுதப் போறியா?"

"வேண்டுதலா? மொதல்லயே சொல்லக் கூடாதா!" கடைக்காரர் குரல் இறங்கிடுச்சு. "சரி, கால எடு சாமி."

எடுத்தேன். யாரோட விரலோ என் கால் கட்டைவிரலத் தொட்டுட்டுப் போச்சு. நெத்தியில வெச்சுக்க குங்குமம் எடுக்கறாங்க! அடுத்து இன்னொரு விரல்!

எல்லாரும் என்னச் சுத்தி நெருங்கி நின்னுட்டாங்க. இப்ப பெல்ட்டு முழிச்சுக்கிச்சு. இடது, வலது, நடுவுல, எல்லாம் ஒரே நேரத்துல 'ர்ர்ர்ர்ர்'! எங்க ஒதுங்கறது? நாலா பக்கமும் சத்தம், எது தெரு, எது கடைன்னு தெரியல.

"அக்கா!"ன்னு சின்னப் புள்ள மாதிரி கத்திட்டேன்.

"இங்கதான் இருக்கேன். என் முழங்கையப் புடிச்சுக்கோ."

புடிச்சேன். அவங்க குச்சி தரையில 'டொக் டொக்'னு தட்டிக்கினே போச்சு. "படி வருது, ஏறு. தண்ணி கெடக்குது, தாண்டு. கல்லு இருக்குது, இந்தப் பக்கம் வா." ஒரு இடத்துலயும் நான் தடுமாறல.

"எப்படிக்கா எல்லாம் தெரியுது?"

"குச்சி சொல்லுது. கையில வந்து சொல்லுது."

"அப்ப அந்த அதிர்வ குச்சியிலயே வெச்சுட்டா? கீழ இருக்கறத குச்சி பாத்துக்கும், மேல இருக்கறத அதிர்வு சொல்லும்..."

"ஒரு வாரமா அதத்தான் சொல்லணும்னு இருந்தேன். நீ எங்க கேட்ட?"

கோயில் வாசல்ல அந்தம்மாவே கட்ட அவுத்து, "பாஸ் ஆயிடுவ நைனா"ன்னு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போனாங்க. குழாயடியில கால் கழுவிக்கினே அக்காகிட்ட மன்னிப்பு கேட்டேன். மூணு நாள் லேட்டு.

"பரவால்ல விடு. அந்த இருபது பேரயும் இப்படி நடக்க விடாம இருந்தாப் போதும்"னாங்க.

இப்பல்லாம் எதக் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியும் அக்காவுக்கு போன் பண்ணி "இது உங்களுக்கு வேணுமா?"ன்னு கேட்டுடறேன்.

முக்கால்வாசி நேரம் வேணாம்னுதான் சொல்றாங்க.