பாஸ் பண்ணினால்தான் பீட்

லண்டனில் ஹிப்ஹாப் செய்ய முயன்ற தமிழர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஆனால் அதற்காக டியூசனுக்குப் போய், பழைய வினாத்தாள்களைச் செய்து பார்த்து, முருகனுக்கு அர்ச்சனையும் செய்துவிட்டுச் சோதனை எழுதிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வீட்டு மேல்மாடியில் குடியிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டுக்குத் தெரியும். எங்களுக்கு அவர் தியறி அண்ணை.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோலியர்ஸ் வுட்டில் ஒரு சின்ன வீட்டை யாழ்ப்பாணத்தவர் மூன்று பேர் பங்குபோட்டுக்கொண்டிருந்தோம்: அண்ணை, பேக்கரியில் இரவு ஷிப்ட் செய்யும் குகன், நான். அண்ணைக்கு ஒரு பெற்றோல் செட்டில் காசு வாங்கிப் போடும் வேலை. ஒருநாள் பெற்றோல் அடிக்க வந்த காருக்குள்ளிருந்து எழுந்த பாட்டில் கடைக் கண்ணாடி கிடுகிடுத்து, அடுக்கியிருந்த சொக்லேட் எல்லாம் நிலத்தில் கொட்டிவிட்டது. வேறு யாராவது என்றால் திட்டியிருப்பார்கள். கொஞ்சம் ரசனை உள்ளவர்கள் அந்தக் கசெட்டை வாங்கியிருப்பார்கள். அண்ணை காரோட்டியிடம் போய், இதை எங்கே படிக்கலாம் என்று விசாரித்தார். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் கஷ்டமான பாடம் போலிருக்கிறது என்று அண்ணை வீட்டுக்கு வந்து சொன்னார்.

அடுத்த மாதமே யாரிடமோ ஒரு சாம்ப்ளர் வாங்கிக்கொண்டு வந்தார். பழைய இசைத்தட்டுகளிலிருந்து சத்தத்தைத் துண்டு துண்டாகப் பிடித்து வைத்துக்கொண்டு, பொத்தானை அமத்தியதும் திருப்பித் தருகிற பெட்டி அது. தாளமும் போடும். நானும் குகனும் ஆவலோடு சுற்றி நின்றோம். அண்ணை அதை மட்டைப் பெட்டியோடு தூக்கி உடுப்பு அலுமாரிக்கு மேலே வைத்தார்.

"முதல்ல தியறி படிக்கோணும். சோதனை பாஸ் பண்ணாமல் நான் இதைத் தொடமாட்டன்" என்றார்.

ஹிப்ஹாப் செய்கிற ஒருவனும் சோதனை எழுதியதாகத் தான் கேள்விப்படவில்லை என்று குகன் எடுத்துச் சொன்னான். அத்திவாரம் இல்லாமல் போன அந்தப் பிள்ளைகளுக்காக அண்ணை உண்மையாகவே கவலைப்பட்டார்.

சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களைப் படத்துக்கு முன்னால் வைத்தால் அன்றைக்கு அவற்றைத் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அண்ணையின் சாம்ப்ளருக்கு வருஷம் முழுக்கச் சரஸ்வதி பூசை. வெள்ளிக்கிழமைகளில் அதற்குச் சந்தனப் பொட்டும் கிடைத்தது. மின்சாரம் மட்டும் கிடைக்கவில்லை.

மிச்சம் என்கிற பக்கத்து ஊரில் பியானோ சொல்லிக்கொடுக்கும் ஒரு வெள்ளைக்கார ரீச்சரைத் தேடிப் பிடித்தார். ஹிப்ஹாப் செய்வதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்று இவர் சொன்னதும் அந்த அம்மா எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாராம். அண்ணை அதைப் பெரிய ஊக்குவிப்பாக எடுத்துக்கொண்டார்.

பியானோவில் மூன்று கட்டைகளை ஒன்றாக அமத்தினால் வருவது கோர்ட். ஒரு கோர்ட்டிலிருந்து எந்தக் கோர்ட்டுக்குப் போகலாம், எங்கே போனால் காது ஏற்காது என்பதற்கெல்லாம் சட்டம் உண்டு. அந்தச் சட்டம் முழுவதையும் அண்ணை பாடமாக்கினார். பாடமாக்குவது என்றால் எங்கள் ஊர் முறையில்: விடியற்காலையில் எழும்பி, முகம் கழுவி, அறைக்கும் குசினிக்கும் இடையில் நடந்துகொண்டு, அயலுக்கே கேட்கும்படி. "சி மேஜர், ஏ மைனர், எஃப் மேஜர், ஜி மேஜர்." ஷிப்ட் முடித்துவிட்டு வந்து படுக்கும் குகனுக்கு அதுதான் தாலாட்டு. கொஞ்ச நாளில் அவன் நித்திரையிலேயே ஏ மைனர் என்று முனகத் தொடங்கினான்.

மைனர் கோர்ட் சோகமானது என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு வகுப்பெடுத்தார். சோகத்துக்குக் காரணம் நடுவிலுள்ள சுரம் அரைக்கட்டை இறங்கியிருப்பதாம். விசாக் கடிதம் வராததுதான் காரணம் என்று நாங்கள் அதுவரை தவறாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

பொறுக்கமுடியாமல் குகன், இந்த வரிசை கேட்க எப்படித்தான் இருக்கும், ஒருக்கா வாயாலாவது பாடிக் காட்டுங்கோ என்று மன்றாடினான்.

"அது பிராக்டிக்கல். இப்ப தியறிதான் போகுது" என்றார் அண்ணை.

இப்படியே இரண்டு வருஷம் போனது. சோதனைக்கு முந்திய வெள்ளிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு நொதேர்ன் லைன் ரயில் ஏறி ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனார். அர்ச்சனைத் தட்டில் தேங்காய், பழத்தோடு பேனைகளையும் வைத்தார். என்ன சோதனை என்று ஐயர் கேட்டார். மியூசிக் என்றார் அண்ணை. வாய்ப்பாட்டா வீணையா என்று கேட்ட ஐயருக்கு இவர் ஹிப்ஹாப்பை விளக்கத் தொடங்க, பின்னால் நின்றவர்கள் செருமத் தொடங்கினார்கள். ஐயர் நட்சத்திரத்தை மட்டும் கேட்டு அலுவலை முடித்தார்.

சோதனை ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. எழுத வந்தவர்கள் எல்லோரும் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள். அண்ணை முப்பது தாண்டிய ஆறடி மனிதர். கோட்டும் டையும் வேறு. பெற்றோர் வெளியேதான் நிற்கவேண்டும் என்று வாசலில் நின்ற அம்மா பணிவாகச் சொன்னார். அதைவிடப் பணிவாக அண்ணை தன்னுடைய அனுமதி அட்டையை நீட்டினார். முழங்கால் இரண்டும் மேசைக்குள் அடங்காமல், முதுகை வளைத்து அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைக் கதவுக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு தாய், உங்கள் பிள்ளை எது என்று கேட்டார். நான் அண்ணையைக் காட்டினேன்.

வெளியே வந்ததும் எங்கள் ஊர் வழக்கப்படி விடைகளைச் சரிபார்க்க ஆள் தேடினார். அகப்பட்டது பின்னல் போட்ட ஒரு சிறுமி. ஐந்தாம் கேள்விக்கு என்ன கோர்ட் போட்டாய் என்று இங்கிலீஷில் கேட்டார். அவள் சொன்னாள். அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. நல்லவேளையாகக் கடைசிக் கேள்வியில் இருவரும் ஒத்துப்போனார்கள். கைகுலுக்கிப் பிரிந்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது, ஃபெயிலானால் அந்தப் பிள்ளையிடமே டியூசனுக்குப் போகலாம் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஃபெயிலானாலும் பரவாயில்லை, தம்பி. மணி அடிக்குமட்டும் இருந்து எழுதினன். ஒருத்தரும் இடையில எழுப்பேல்ல."

பிறகுதான் சொன்னார். ஊரில் ஏ லெவல் சோதனை எழுதிக்கொண்டிருந்தபோது ஆமியின் ஹெலிகொப்டர் வந்து சுட்டிருக்கிறது. மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். மிச்சப் பேப்பர்கள் நடப்பதற்குள் அவர் நாட்டை விட்டே வெளிக்கிடவேண்டி வந்துவிட்டது. அன்றைக்குப் பாதியில் விட்ட விடையின் மிச்சம் இன்னும் தனக்கு ஞாபகம் இருக்கிறது என்றார்.

சில கிழமைகளில் முடிவு வந்தது. பாஸ். குகன் கதிரையில் ஏறிப் பெட்டியை இறக்கினான். அண்ணை கால் முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வந்து சுவிட்சைப் போட்டார். பிறகு பின்னேரம் முழுக்க அறைக் கதவு பூட்டியே இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் எங்களைக் கூப்பிட்டு, தான் செய்த முதல் பீட்டைப் போட்டுக் காட்டினார்.

கோர்ட்டுகள் நான்கும் தேவாரம் மாதிரி இழுத்துக்கொண்டு, சட்டப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கவுன்சில் அலுவலகத்தில் வரிசையில் நிற்பவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காக வரமாட்டார்கள். தாளம் மட்டும், பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரிப் பின்னால் ஓடி ஓடி வந்தது. ஹிப்ஹாப்பையும் தேவாரத்தையும் சேர்த்து ஒரே நேரத்தில் பழுதாக்க முடியும் என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அண்ணை பெட்டியை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். சோதனை மண்டபத்தில்கூட அந்த முகத்தில் அவ்வளவு பயத்தை நான் காணவில்லை.

"நூறுக்கு எத்தினை போடுவியள்?"

குகன் காதைச் சொறிந்தான். இரண்டு வருஷ நித்திரையைப் பறிகொடுத்தவன் அவன். சரியாகப் பாஸ் மார்க் போட்டான். அதுவே பெரிய மனது.

நான் தொண்ணூறு போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் போடுவேன்.