இடுப்பில் ஒரு சாவி

"சந்தானம் அண்ணே வீட்டுல இனிமே அக்காதான் வண்டி ஓட்டுமாம். அண்ணே பின்னால உக்காருவாராம்."

விளாங்குடி டீக்கடையில், தூணுக்கு அந்தப் பக்கம் யாரோ யாரிடமோ சொன்னது. சந்தானம் நான்தான். டீ பாதியிலேயே கசந்துவிட்டது.

தினமும் கப்பலூர் பேக்டரிக்கு மொபெட்டில் போய்வந்து என் இடுப்பு போய்விட்டது. உடனே என் மனைவி ஹம்சவேணி, பக்கத்து வீட்டு சாதிகாவின் வண்டியில் ஓட்டப் பழகினாள். "இனி நானே உங்களக் கொண்டுபோய் விடுறேன்" என்றாள். ஊர் பார்க்கவா? உயிரோடு இருக்கும்வரை நடக்காது என்று முடிவெடுத்தேன். சாவியைக் கறுப்புத் துணியில் பொதிந்து, நூல் சுற்றி, அரைஞாண் கயிற்றில் தாயத்தாகக் கட்டிக்கொண்டேன்.

"ஏங்க, வண்டிச் சாவி எங்க?"

"தொலைஞ்சு போச்சு."

"இன்னொண்ணு?"

"அது போன வருசமே தொலைஞ்சது."

"இம்புட்டு வலியோட ரெண்டு பஸ் மாறியா போவீங்க?"

"என் இடுப்பு, நான் பாத்துக்குறேன்."

எங்கள் வீட்டுப் பாஷை சௌராஷ்டிரம். சண்டை மட்டும் தெருவுக்கும் புரியட்டும் என்று அவள் தமிழில்தான் போடுவாள். அன்று ஏனோ சண்டையே போடவில்லை.

பத்தே நாளில் பஸ் என் இடுப்பை முடித்துவைத்தது. டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

ஸ்கேன் சென்டரில் மருது என்ற பையன் வாசலிலேயே மறித்தான். "உள்ள பெரிய காந்தம் சார். உடம்புல இரும்பே இருக்கக் கூடாது."

வாட்ச், மோதிரம், பெல்ட் எல்லாம் கழற்றினேன்.

"இடுப்புல?"

"வெறும் தாயத்து."

அமுக்கிப் பார்த்தான். "உள்ள இரும்பு இருக்கு சார்."

"கையில பொத்தி வச்சுக்கிறேனே?"

"கையோட சேத்து இழுக்கும்."

கூட வந்திருந்த ஹம்சவேணி தாயத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எந்தக் கோயிலுதுங்க?"

"பிரிக்கக் கூடாத கோயிலு."

குழாய்க்குள் தள்ளினார்கள். எங்கள் பேக்டரி போலவே டடடடவென்று சத்தம். பழக்கதோஷம், தூங்கிவிட்டேன். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது தாயத்து சுற்றிய நூல் கலையாமல் கைக்கு வந்தது. எவ்வளவு பக்தி!

டாக்டர் படத்தை விளக்கு வெளிச்சத்தில் மாட்டினார். "எலும்புக்கு நடுவுல வெள்ளையாத் தெரியுறதெல்லாம் நல்ல தட்டு. கீழ ரெண்டும் கறுத்திருக்கு பாருங்க. தண்ணி வத்தித் தேஞ்சிருக்கு. ஆபரேஷன் வேணாம். ரெண்டு மாசம் வண்டி ஓட்டாதீங்க, பஸ்ல தொங்காதீங்க."

"ஓட்டத்தான் கூடாதா, பின்னால உக்காரவும் கூடாதா டாக்டர்?" என்றாள் ஹம்சவேணி.

"மெதுவாப் போனா உக்காரலாம்."

சாவியே இல்லாத வீட்டில் இது என்ன கேள்வி என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஒரு மொபெட் வந்து நின்றது. என் மொபெட். மேலே ஹம்சவேணி.

"சாவி ஏது?"

"ஸ்கேன் சென்டருக்கு எதிர்த்தாப்புல, குடைக்குக் கீழ சாவி வெட்டுற அண்ணே இருக்காரு. பத்தே நிமிசம். நூலப் பழையபடி சுத்தத்தான் இருபது நிமிசம் ஆச்சு. ஏறுங்க."

எதிரே டீக்கடையில் கிளாஸ்களெல்லாம் வாய்க்குப் போகும் வழியில் நின்றன. பஸ் வந்தது. படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் தொங்கினார்கள்.

இடுப்பைத் தடவிப் பார்த்தேன். தாயத்து பத்திரமாக இருந்தது. பின்னால் ஏறி உட்கார்ந்து டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டேன்.