கிரைண்டருக்காக ஏறிய மலை

கஜபதிக்குக் கோபம் வந்தால் கரையான்சாவடியில் மூன்று வீடு தள்ளிப் படுத்திருக்கும் நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். பூந்தமல்லி பஸ் கண்டக்டர்கள் அவருக்கு மட்டும் சரியான சில்லறை எடுத்து வைத்திருப்பார்கள். கோபப்பட அவருக்குக் காரணம் தேவைப்பட்டதில்லை. ஆனால் அந்த வருஷம் ஆடி மாதம், நிஜமாகவே ஒரு காரணம் வாய்த்தது. வாங்கிப் புதுக்கருக்குக்கூடக் கலையாத கிரைண்டர் நின்றுபோனது.

உளுந்து பாதி மசிந்திருந்தது. கல் ஒருதரம் முக்கியது. முனகியது. நின்றுவிட்டது. கஜபதி அதை ஒரு தட்டுத் தட்டினார். அசையவில்லை. ஓர் உதை விட்டார். கால் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். நொண்டிக்கொண்டே கடைக்குப் போனார்.

கடை பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் இருந்தது. முதலாளி பெயர் பரந்தாமன். ஆனால் பணம் கொடுத்துப் பொருள் வாங்கும் நாளன்றுதான் பரந்தாமன் காட்சி தருவார். குறை சொல்ல வருகிறவர்களுக்கு வாய்ப்பது கவுண்டரில் இருக்கும் சம்பத்.

"கிரைண்டர் ஓடலை" என்றார் கஜபதி.

"சுவிட்சு போட்டீங்களா சார்?"

"யோவ்! சுவிட்சு போடாமலே ஓடலைன்னு சொல்லிக்கினு வர நான் இன்னா லூசா?"

"அது எனக்கு எப்பிடி சார் தெரியும்?"

கஜபதி கவுண்டர் மேல் குத்தினார். மேலே அடுக்கியிருந்த பிரஷர் குக்கர்கள் எல்லாம் ஒருமுறை கலகலத்தன.

"கேரண்டி கீதாய்யா, இல்லியா?"

"கேரண்டி கீது சார். மெக்கானிக்குதான் இல்லே. நாளைக்கு வந்துருவாரு."

அடுத்த சனிக்கிழமை போனார். "நாளைக்கு" என்றான் சம்பத்.

"போன வாரமும் நாளைக்குன்னுதானேடா சொன்னே?"

"ஆமா சார். நான் பேச்சு மாத்தவே இல்லியே."

கிரைண்டர்தான் அரைக்கவில்லை, சம்பத் அரைத்த மாவையே வாராவாரம் அரைத்தான். ஒருநாள் கஜபதி பொறுமையிழந்து, "உன் மொதலாளியக் கூப்புடு" என்று கத்தினார்.

"அவரு வெளியே போயிருக்காரு."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ இருமினார்கள்.

"அப்போ உள்ளே இருமறது யாரு?"

"அது ரேடியோ சார்."

அன்றைக்கு கஜபதி கத்திய கத்தலில் எதிர்க்கடை சோடாக்காரர் பாட்டிலை உடைக்காமலே கோலி உள்ளே இறங்கிவிட்டதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அடங்கவில்லை. செருப்பைக் கழற்றி ஒன்றைக் கிழக்கிலும் ஒன்றை மேற்கிலும் வீசினார். அவர் மனைவி சாமுண்டீஸ்வரி இரண்டையும் பொறுக்கி வந்து ஜோடி சேர்த்து வைத்தாள். இடுப்பில் ஊறவைத்த அரிசிக் குண்டான். பக்கத்துத் தெருவில் மாவு அரைக்கிற இடத்துக்கு நடந்தே போய்வருகிறவள் அவள்தான்.

"வாரா வாரம் போயிக் கத்திட்டு வர்றே. உன் தொண்டைக்கு நான் மெளகுக் கசாயம் வெக்கிறேன். மாவு மட்டும் அரைய மாட்டேங்குது. நான் ஒரு தபா போயிப் பேசிப் பார்க்கட்டுமாய்யா?"

"நீ போயி இன்னா பேசுவே? தொண்டை கிழியக் கத்துற எனக்கே ஒண்ணும் நடக்கலை. நீ பேசுனா பக்கத்துல கீறவனுக்கே கேக்காது. வந்துட்டா, வாதாட!"

சாமுண்டீஸ்வரி குண்டானை இடம் மாற்றி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கஜபதிக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வேலை. அந்த வாரம் லேத்து ஓட்டிக்கொண்டிருந்தவருக்குத் தலை சுற்றியது. தகவல் தெரிந்ததும் சாமுண்டீஸ்வரி ஓடிவந்து அவரைத் தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தினார். பாதரசம் ஏறிய இடத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நீங்க நிறைய கத்துவீங்களா?"

"நான் எங்கே கத்துறேன்?" என்று கஜபதி கத்தினார். வெளியே ஊசிக்கு நின்றிருந்த வரிசை இரண்டடி பின்வாங்கியது.

"கத்துறதைக் குறைங்க. காலைல நடங்க. முடிஞ்சா ஓடுங்க. மேடா இருந்தா இன்னும் நல்லது" என்றார் டாக்டர். பிறகு சாமுண்டீஸ்வரியை மட்டும் இருக்கச் சொல்லிவிட்டு ஏதோ பேசினார். அவர் என்ன சொன்னார் என்று கஜபதி கேட்கவில்லை. மருந்துச் சீட்டை டாக்டர் புரியாதபடி எழுதியதற்காகக் கம்பவுண்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில், கூட வேலை பார்க்கும் வேம்புலி ஒரு சேதி சொன்னான்.

"மாமே, உன் கிரைண்டர் கடைக்காரன் குன்றத்தூர் மலையிலே ஓடிக்கினு கீறான்யா. ஞாயித்துக்கிழமை காலையிலே. எங்க மச்சினன் ஊடு அடிவாரத்துலதான் கீது, நானே கண்ணால பார்த்தேன். படியிலே ஏறுறான், சரிவுல எறங்குறான், மறுபடி ஏறுறான். பேய் புடிச்சவன் கணக்கா."

கஜபதி கையிலிருந்த சோற்றுருண்டை அப்படியே நின்றது. மலை! அங்கே கண்ணாடிக் கதவு கிடையாது. சம்பத் கிடையாது. ரேடியோ இருமாது. உச்சியில் கோயில் கொண்ட முருகன் சாட்சியாக அந்த ஆளின் பனியனைப் பிடித்து உலுக்கலாம்.

அன்று மாலை வீட்டு நடுவில் நின்று பிரகடனம் செய்தார். "வர்ற ஞாயித்துக்கிழமைலேருந்து நான் குன்றத்தூர் மலை ஏறி ஓடப்போறேன்!"

சாமுண்டீஸ்வரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காம்பு ஒன்றைக் கிள்ளியபடி சற்று யோசித்தாள். "டாக்டரும் அதானே சொன்னாரு?"

"நான் டாக்டருக்காக ஓடலைடி. நீதிக்காக ஓடுறேன். அந்தப் பரந்தாமனைப் புடிக்கிறேன்."

"எதுக்காவது ஓடு. ஆனா சனிக்கிழமை கடைக்குப் போயிக் கத்தாதே. மூச்சு முழுக்க அங்கேயே செலவாயிட்டா மலைக்கு இன்னா பண்ணுவே?"

நியாயமாகப் பட்டது. கஜபதி அந்த வாரத்துக் கோபத்தைச் செலவழிக்காமல் மூட்டை கட்டி வைத்தார்.

ஞாயிறு விடியும் முன்பே சைக்கிளை மிதித்து அடிவாரம் சேர்ந்தார். படியோரம் பரந்தாமன் நின்றிருந்தார். ஐம்பது தாண்டிய ஆள், முருங்கைக்காய் உடம்பு, கையில்லாத பனியன், காக்கி அரை டிராயர்.

"யோவ் பரந்தாமன்! என் கிரைண்டருக்கு இன்னாய்யா வழி?"

பரந்தாமன் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். படியில் பாய்ந்தார். கஜபதி செருப்பை உதறிவிட்டுப் பின்னால் பாய்ந்தார். பாதி தூரத்தில் மலை சுழன்றது. நெஞ்சுக்குள் யாரோ உரலில் இடிப்பது போலிருந்தது. அவர் கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு நிற்கும்போதே பரந்தாமன் உச்சிக்குப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சரிவு வழியாக இறங்கி, மறுபடியும் படியில் அவரைத் தாண்டி ஏறினார்.

"நில்லுய்யா!"

"ஓடும்போது நிக்கக் கூடாது சார், புடிச்சிக்கும்!"

வாடிக்கையாளரை ஒருவன் ஒரு சுற்று முழுக்க முந்திப் போவதா! திரும்பும் வழியெல்லாம் கஜபதி சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வந்தார். எதிரில் யாருமே வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் விடவில்லை. வார நாட்களில் தொழிற்சாலைக்குள் மாடிப்படியைக் கண்டால் ஏறினார். டீயில் சர்க்கரையை விட்டார். இரவில் இட்லிக்குக் கை நீட்டினால் சாமுண்டீஸ்வரி தட்டை நகர்த்தினாள். "தொப்பையைத் தூக்கிக்கினு அந்தாளைப் புடிச்சிடுவியா?" பரந்தாமனை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். மூன்றாவது வாரம் பாதி மலை தாண்டினார். பிறகு உச்சி. பிறகு சரிவில் இறங்கி மறுபடி ஏறவும் முடிந்தது. ஆனால் பரந்தாமன் மட்டும் கைக்கு எட்டவில்லை. எட்டாத தூரமும் இல்லை. எப்போதும் நாலு படி முன்னால்.

ஒருநாள் உச்சியில் நின்று மூச்சு வாங்கினார். கீழே செம்பரம்பாக்கம் ஏரி வெயில் பட்டுத் தகடாய் மின்னியது. காற்று வியர்வையை வழித்துக்கொண்டு போனது. காலிரண்டும் தன்னுடையவை இல்லாத மாதிரி லேசாக இருந்தன. கொஞ்ச நேரம் கிரைண்டர் ஞாபகமே வரவில்லை. அது தெரிந்ததும் தன் மேலேயே கோபம் வந்து, மறுபடி இறங்கி ஓடினார்.

தொழிற்சாலை டாக்டர் இன்னொரு தரம் பார்த்தார். பாதரசம் பழைய இடத்துக்கு ஏறாததால், கருவி கெட்டுவிட்டதோ என்று வேறொன்றை எடுத்துவரச் சொன்னார். அதுவும் அதையேதான் சொன்னது.

கார்த்திகையில் ஒரு தூறல் காலை. படி வழுக்கியது. பரந்தாமன் ஒரு கணம் தடுமாறினார். கஜபதி எட்டிப் பனியனைப் பிடித்துவிட்டார்.

"மாட்னியா! சொல்லுய்யா, என் கிரைண்டர் எங்கேய்யா?"

பரந்தாமன் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "எந்தக் கிரைண்டர் சார்? அதுதான் ஆவணியிலேயே புதுசு மாத்திக் குடுத்துட்டோமே."

"யாருக்கு?"

"உங்க ஊட்டம்மாவுக்கு. நீங்க மொதோ மொதோ மலைக்கு வந்தீங்களே, அதுக்கு மொத நாளு."

கஜபதியின் பிடி தளர்ந்தது. "அவளுக்கா? கத்துனாளா?"

"கத்தியிருந்தா பரவாயில்லியே சார். சம்பத் அதுக்கெல்லாம் அசையமாட்டான். ஒரு ஸ்டூலு கேட்டாங்க. கடை நடுவுல போட்டு உக்காந்துகினாங்க. வர்ற பொம்பளைங்களாண்ட எல்லாம் சிரிச்சிக்கினே, 'கிரைண்டர் வாங்க வந்தீங்களா? வாங்கிக்கோங்க, நல்லாத்தான் இருக்கும். எனக்குத்தான் ஆடிலேருந்து ஓடலை. மெக்கானிக்கு நாளைக்கு வராராம், அதான் வெயிட் பண்ணிக்கினு கீறேன்'னாங்க. மத்தியானத்துக்குள்ள ஒரு வியாபாரம் ஆகலை சார். நானே வண்டி வெச்சிப் புதுசை ஏத்தி அனுப்பிட்டேன்."

"அப்புறம் ஏன்யா என்னைப் பார்த்து ஓடுனே?"

"அதுவும் அம்மா சொன்னதுதான். 'அவரு துரத்துவாரு, புடி குடுக்காதீங்க. ரொம்ப முன்னாடி போயிடாதீங்க, வெறுத்துடுவாரு. கிட்டக்கவே ஓடுங்க'ன்னாங்க. மாட்டேன்னேன். மறுபடி ஸ்டூலைப் பார்த்தாங்க." பரந்தாமன் முட்டியைத் தேய்த்தார். "ரெண்டு தபா ஏறி எறங்கிக்கினு இருந்தவன் சார் நான். உங்களால என் ஜவ்வு தேஞ்சிபோச்சு."

கஜபதி சைக்கிள் மிதித்த வேகத்துக்கு மாங்காடு எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. நேரே சமையல்கட்டில் நுழைந்தார். கிரைண்டர் சுவிட்சைப் போட்டார். கல் ஜம்மென்று சுற்றியது.

"ஓடுது!" என்று கூவினார், திருடனைப் பிடித்தவர் போல.

"ஓடத்தானேய்யா வாங்குனோம்" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"எனக்கு ஒரு நாளாவது சத்தம் கேட்டுச்சா?"

"நீ ஊட்டுல இல்லாதப்போ போடுவேன்."

"என் கண்ணுக்கு எதுருலயே பழசை எடுத்துட்டு அதே மாதிரி ஒண்ணு வெச்சி..."

"அதே மாதிரியா? பழசு பச்சை. இது செவப்பு. நீ சமையக்கட்டுல தலை நீட்டி எம்மா நாளாச்சுன்னு நீயே சொல்லு."

கஜபதி கிரைண்டரைப் பார்த்தார். குங்குமச் சிவப்பு. தான் உதைத்தது பச்சை என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் கோபம் இரண்டு மடங்கானது.

"ஏண்டி எங்கிட்ட மறைச்சே? புருசனை மலை மேல நாய் மாதிரி ஓட விட்டு..."

"சொல்லியிருந்தா ஓடியிருப்பியா?" முதல் முறையாக அவள் குரல் உயர்ந்தது. "அன்னிக்கு டாக்டரு என்னைத் தனியா நிக்க வெச்சி இன்னா சொன்னாருன்னு ஒரு தபா கேட்டியா? இப்பிடியே போனா தாங்க மாட்டாருமான்னாரு. உங்க அப்பா நடு ரோட்டுல ரிக்சாக்காரனாண்ட கத்திக்கினு இருக்கசொல்லோதானே சாஞ்சாரு? தூக்கியாந்து போட்டப்போ தலையை மடியில வெச்சிக்கினு இருந்தவ நானு. நல்லதுக்கு ஓடுன்னா நீ ஓட மாட்டே. சண்டைக்குன்னா ஓடுவே. அதான் சண்டைக்கு ஓட வுட்டேன்."

பதில் அகப்படாத இடத்தில் கஜபதி எப்போதும் செய்வதையே செய்தார்.

"கூட்டுச் சதி! இனிமே அந்த மலையில கால வெச்சேன்னா நான் கஜபதியே இல்லே!"

"சரி" என்றாள்.

கெஞ்சவில்லை, வாதாடவில்லை. அந்த ஒற்றைச் 'சரி'யை எங்கே பிடித்து எதிர்ப்பது என்று தெரியாமல் ஒரு வாரம் முழுக்க உறுமிக்கொண்டு திரிந்தார்.

ஞாயிறு வந்தது. எழுப்ப ஆளில்லாமலே விழிப்பு வந்துவிட்டது. போர்வைக்குள் கால்கள் தாமாகப் படி ஏறின. திரும்பிப் படுத்தார். குப்புறப் படுத்தார். பரந்தாமன் இந்நேரம் முதல் சுற்று முடித்திருப்பான். ஏரி மேல் வெளிச்சம் விழுந்திருக்கும். கடைசியில் எழுந்து சட்டையை மாட்டினார்.

"எங்கேய்யா?" என்றாள் சாமுண்டீஸ்வரி, பாயிலிருந்து கண்ணைத் திறக்காமலே.

"டீ குடிக்க! அதுக்குக்கூடவா உன்னாண்ட பர்மிசன் வாங்கணும்?"

வழியில் திறந்திருந்த எல்லா டீக்கடைகளையும் தாண்டி சைக்கிள் குன்றத்தூரில் போய் நின்றது. அடிவாரத்தில் பரந்தாமன் முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"யோவ், நான் ஒண்ணும் ஓட வரலை. இந்தப் பக்கம் டீ நல்லாருக்கும்னு சொன்னாங்க, அதான்..."

"தெரியும் சார், செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றார் பரந்தாமன். "'கொஞ்சம் லேட்டாத்தான் வருவாரு, டீ குடிக்க வந்தேம்பாரு, நீங்க கண்டுக்காம ஓட ஆரம்பிச்சிடுங்க'ன்னு அம்மா நேத்தே கடைக்கு வந்து சொல்லிட்டாங்க."