கிளாரினெட் துறந்து பாரிடோன் கொண்ட படலம்

வாழ்க கயல்! வாழ்க அவள் மேலுதடு! வாழ்க, அதனினும் மிகுதியாகப் புண்பட்ட அவள் கீழுதடு! பதினேழு சாவிகளைப் பத்து விரல்களால் ஆண்டவள், நாணல் சீவலை நாவால் நனைத்து ஆறாண்டுக் காலம் பள்ளி பேண்டின் முன்வரிசை காத்தவள், கலிபோர்னியாவின் டப்ளின் மாநகரத்து மூன்று படுக்கையறை மாளிகையின் ஒரே இளவரசி, பொள்ளாச்சிக் கருப்பசாமியும் வசந்தாமணியும் பெற்ற பதினேழு வயதுப் பெருவீரி, தன் கிளாரினெட்டைத் துறந்து பித்தளை ஏந்திய வரலாற்றைச் சொல்லப் புகுகின்றோம். காற்றே, காப்பாய் நில்! உதட்டுக் களிம்பே, துணையாய் வா!

அவையோர் பொறுத்தருள்க. இப்பெரும் போரைப் பாடும் தகுதி எமக்கு உண்டா என்பது ஐயமே. நாள், கிழமை, சுரம் ஆகியவற்றை இருமுறை சரிபார்த்திருக்கிறோம். ஆயினும் பயிற்சியின் இரண்டாம் வாரத்துக் கணக்கில் ஒரு சுரம் கூடியிருக்கலாம்.

ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. கிழக்கே மலைமுகட்டில் காற்றாலைகள் கை வீசி நிற்க, மேற்கே கடற்பனி குன்றேறி எட்டிப் பார்க்க, நடுவே 580 என்னும் நெடுஞ்சாலைப் பெருநதி காலையும் மாலையும் செவ்விளக்கு அலை எறிந்து பெருக்கெடுத்து, பெருக்கெடுத்த இடத்திலேயே அசையாது நிற்கும் நன்னாடு அது. அந்நாட்டில் ஜூலைத் திங்களின் ஒரு மாலை, விளையாட்டு மைதானம் ஒன்றில் கயல் முதன்முதலாக ஒரு டிரம் கோரைக் கண்டாள். டிரம் கோர் என்பது முரசும் பித்தளைக் கொம்பும் கொடியும் ஏந்தி, கோடை முழுவதும் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று, அணிவகுத்தபடியே இசைத்துப் போட்டியிடும் இளையோர் படை. அறுபது கொம்புகள் ஒரே நொடியில் உயர்ந்து அவள் அமர்ந்த திசை நோக்கித் திரும்பின. முழக்கம் எழுந்தது. அவள் மடியிலிருந்த பாப்கார்ன் சிதறியது. அக்கணமே அவள் நெஞ்சம் படையில் சேர்ந்துவிட்டது. உடல் சேர்வதுதான் பாக்கி.

ஆனால் அப்படைக்கு ஒரு சட்டம் உண்டு. மரக்குழலோர்க்கு அங்கே இடமில்லை. கிளாரினெட் கூடாது, புல்லாங்குழல் கூடாது, உடலெல்லாம் பித்தளையே ஆயினும் நாணல் தொட்ட குற்றத்தால் சாக்ஸபோனும் கூடாது. சேர விரும்புவோர் அக்டோபர்த் தேர்வுக்குள் கொம்பு ஊதக் கற்று வரவேண்டும்.

செய்தி கேட்ட கருப்பசாமி, சான் ஹோசே சென்று மென்பொருள் எழுதித் திரும்பும் களைப்பிலும், சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம் நின்று ஆணை பிறப்பித்தார்.

"செலக்ட் ஆயிட்டீன்னா அடுத்த சம்மர் பூராவும் அவங்ககூடப் போ. ஆகலீன்னா காலேஜ்ல சி பிளஸ் பிளஸ் கிளாஸ். பேச்சு மாறக் கூடாது, அம்மணி."

"டீல்," என்றாள் வீரி. வானம் இடிக்கவில்லை, பாத்திரம் கழுவும் இயந்திரம் மட்டும் உறுமியது.

ஆகஸ்டுத் திங்களில் பள்ளியின் இசையறையிலிருந்து பாரிடோன் என்னும் பித்தளைக் கொம்பு இரவலாக வந்தது. மூன்று வால்வு உடையது, மார்போடு அணைத்தால் கொழுத்த குழந்தை போல் கனப்பது. போர் தொடங்கியது. மரக்குழலில் நாணல் துடிக்கும், உதடு காவல் நிற்கும். பித்தளையில் நாணல் இல்லை, உதடே துடிக்கவேண்டும். இந்த ஒரு வரி உண்மையைத் தன் உதடுகளுக்கு உணர்த்த நாயகிக்கு ஒன்பது வாரம் ஆயிற்று. முதல் நாள், பழக்கத்தின் வலையில் சிக்கி, வாயில் வைத்து ஊதும் கிண்ணமாகிய மவுத்பீஸை நாணலென எண்ணி நாவிலிட்டு ஊறவைத்துக் காத்திருந்தாள், பித்தளை ஊறவில்லை. இரண்டாம் நாள் கீழுதட்டைப் பல்லின்மேல் மடித்து ஊதினாள். காற்று மறுமுனையில் காற்றாகவே வெளியேறியது. மூன்றாம் நாள் ஒலி பிறந்தது. சேற்றில் கால் புதைந்த எருமை செய்யும் முறையீடு போலவும், விசில் மாட்டாத பிரஷர் குக்கரின் பெருமூச்சு போலவும் எழுந்த அவ்வொலிக்குப் பக்கத்து வீட்டு நாய் வேலியோரம் வந்து நின்று விரிவான பதில் அளித்தது.

ஆதலால் வசந்தாமணியின் துணி அலமாரி அறையே பாசறை ஆயிற்று. இருபுறமும் முப்பத்தாறு பட்டுச்சேலைகள் ஒலி விழுங்கும் மதிலாய்த் தொங்க, நடுவே மடக்கு நாற்காலியில் அமர்ந்து மாலைதோறும் கயல் சமர் புரிந்தாள்.

"என்ற சேலைல எச்சி தெறிக்காம ஊது, சாமி," என்று கதவுக்கு வெளியிலிருந்து தாயின் குரல் மட்டும் போர் விதி உரைக்கும்.

முதல் வாரம் சுரம் மூன்று. இரண்டாம் வாரம் நான்கு (ஐயத்துக்குரியது இதுவே). ஐந்தாம் வாரம் ஏழு. பள்ளிப் பேருந்திலும், பல் துலக்கும்போதும், கணிதத் தேர்வுக்கு முந்தைய ஐந்து நிமிடத்திலும் மவுத்பீஸை மட்டும் தனியே கழற்றி வைத்துக்கொண்டு வண்டென முரன்றாள். வெற்றிக்குத் தடையாய் நின்ற இறுதி அரக்கன் ஒருவனே: இசைத்தாளின் ஐந்தாம் கோட்டின்மேல் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கும் மேல் எஃப் என்னும் உச்சச் சுரம். பின்னோக்கி நடந்துகொண்டே அதைப் பதினாறு எண்ணிக்கைக்கு அறாமல் ஊதவேண்டும் என்பது தேர்வு விதி. ஒன்பதாம் வாரம் வெள்ளிக்கிழமை அவள் பதினொன்று எண்ணினாள். சனிக்கிழமை பன்னிரண்டு. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஹேவர்டில் தேர்வு.

அந்தோ! அந்த ஞாயிறுதான் சரஸ்வதி பூஜை.

விடியலில் வசந்தாமணி எழுந்தாள். வீட்டிலுள்ள கருவிகளையெல்லாம் கலைமகள் திருமுன் குவித்தாள். கணவனின் கீபோர்டு, கால்குலேட்டர், தலையணை பருமனுள்ள சி பிளஸ் பிளஸ் நூல், மகளின் கிளாரினெட் ஆகியவற்றின் நடுவே, மூன்று வால்விலும் சந்தனம், குங்குமம் துலங்க, வாய் நிறையச் சாமந்தி மலர, பட்டுத்துண்டு போர்த்திய பட்டத்து யானையென வீற்றிருந்தது பாரிடோன். குளித்து வந்த கயல் கண்டாள், அலறினாள்.

"அம்மா! என்னோட ஹார்ன்! இன்னிக்கு ஆடிஷன்மா!"

"தெரியுங் கண்ணு. அதுக்குத்தான் நெறையச் சந்தனம் வெச்சிருக்கேன். நாளைக்குக் காலைல எடுத்துக்கலாம்."

"நாளைக்கா? டூ ஓ'கிளாக்மா! டுடே!"

"பூஜைல வெச்சத இன்னைக்குத் தொடக்கூடாது. தொட்டா வித்தை வராது."

"தொடலைன்னா எப்படிம்மா வரும்?"

தருக்கத்தில் வல்ல கருப்பசாமி களம் புகுந்தார். "ஏ வசந்தா, வண்டிக்குந்தான் பொட்டு வெச்சிருக்கே. அதுல மட்டும் போலாமா?"

"வண்டி ஆயுதமுங்க. ஓட்டலாம். வாத்தியம் சரஸ்வதி. தொடக்கூடாது."

"அப்ப என்ற கீபோர்டு?"

"அதுவும் சரஸ்வதி."

திங்களன்று ஒப்படைக்கவேண்டிய வேலையை ஞாயிறு முழுவதும் செய்ய இயலாது என்னும் பேருண்மை அக்கணம் அவருள் உதித்தது. "சாமி விசயத்துல நாம ஒண்ணுஞ் சொல்லக் கூடாது, அம்மணி," என்று கூறி, மகளின் அணியைக் கைவிட்டுப் பகைவர் பாசறையில் இட்லி உண்ண அமர்ந்தார்.

தனித்து நின்றாள் தலைவி. ஒன்பது வாரமும் ஒரு கோடையும் சாமந்திப் பூவின்கீழ் கிடந்தன. சினத்தால் இரு கைகளையும் ஜாக்கெட் பைகளில் திணித்தாள். வலக்கையில் ஏதோ குளிர்ந்தது.

"இது பூஜைல இல்லையே?" என்று மெல்லக் கேட்டாள்.

"அதென்ன, கிண்ணமாட்ட?"

"மவுத்பீஸ். ஹார்னோட வாய்."

"அடக் கடவுளே! அதையுமில்ல வெச்சிருக்கோணும்!"

"வெக்கலையே, அம்மா. வெச்சதத்தானே தொடக்கூடாது?"

தான் இயற்றிய சட்டத்தின் முன் வசந்தாமணி கைகட்டி நின்றாள். கருவி இல்லாதோர்க்குப் படையே தரும் என்று அறிவிப்புத் தாளில் அச்சிட்டிருந்த வரியைக் கயல் இருமுறை உரக்கப் படித்துக் காட்டினாள்.

"வெக்காததத் தொடலாம்," என்று தாய் தீர்ப்பளித்தாள். "ஆனா நானும் வருவேன்."

ஹேவர்டு நகரில் ஒரு பள்ளியின் வண்டி நிறுத்துமிடமே போர்க்களம். நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தனர். நம் நாயகி முப்பத்தொன்றாமவள். பித்தளைப் படையின் பயிற்சித் தலைவி மிஸ் மெண்டோசா, கறுப்புக் கண்ணாடியும் கையில் எழுதுபலகையுமாய்க் காலநாயகி போல் நின்றார். படையின் பாரிடோன் ஒன்று கயலுக்கு அளிக்கப்பட்டது. தன் மவுத்பீஸைப் பொருத்தினாள். உதட்டைக் குவித்தாள். ஐந்து கெஜத்துக்கு எட்டுக் காலடி என்னும் அளவில் பின்னோக்கிக் கால் வைத்தாள்.

எழுந்தது மேல் எஃப்! ஒன்று, இரண்டு, மூன்று எனக் காலடியும் எண்ணிக்கையும் கைகோத்துச் செல்ல, ஐந்தில் காது சிவக்க, எட்டில் கண் பிதுங்க, பத்தில் கீழுதடு பழைய நாணலைத் தேடித் தவிக்க, கொடியவன் கோட்டையின் கடைசிப் படியில் ஒற்றைக்காலில் நிற்கும் வீரன்போல் அச்சுரம் ஆடி, நடுங்கி, பதினொன்றில், ஐயோ, சரிந்தது. மேலிருந்து மிகக் கீழே, ஒரு பாதாளச் சுரத்தில் போய் விழுந்தது. தந்தை கண்ணை மூடிக்கொண்டார். சி பிளஸ் பிளஸ் நூல் தன் முதல் அத்தியாயத்தைத் திறந்தது.

விழுந்தவள் நிற்கவில்லை. எண்ணத் தொடங்கியதை எண்ணி முடித்தே பழகியவள் அவள். விழுந்த சுரத்தையே பற்றிக்கொண்டு பன்னிரண்டு, பதின்மூன்று என நடந்தாள். ஆறாண்டுக் கிளாரினெட் வளர்த்த நுரையீரல் அங்கே முழுதாய் விரிந்தது. துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலின் அழைப்பெனத் தடித்து உருண்டு எழுந்த அந்தக் கீழ்ச்சுரம், பதினாறு கடந்தது, இருபது கடந்தது, நிறுத்தியிருந்த வேன் ஒன்றின் அலாரத்தை எழுப்பிவிட்டு இருபத்து நான்கில்தான் ஓய்ந்தது.

மிஸ் மெண்டோசா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஆங்கிலத்தில் அவர் அருளிய ஆணையின் பொருள் இது: "மேற்சுரத்தை மறப்பாயாக. பாரிடோன் வரிசை நிறைந்துவிட்டது. கான்ட்ரா வரிசையில் இருவர் குறைகின்றனர். நீ இன்று முதல் கான்ட்ரா. வீட்டுக்குக் கொண்டு சென்று பழகி, நவம்பர் முகாமுக்கு வருவாயாக."

"ஐ'ம் இன்?" என்றாள் கயல். "அப்பா, ஐ'ம் இன்!"

"சம்மர் உன்றது, அம்மணி," என்றார் சொல் தவறாத கருப்பசாமி.

கான்ட்ரா கொணரப்பட்டது. தோளில் ஏற்றிச் சுமக்கும் பெருங்கொம்பு, டியூபாவின் உடன்பிறப்பு, முப்பது பவுண்டுக்கு மேல் எடையும், குழந்தை ஒன்று குளிக்கத்தக்க வாயும் உடையது. மாலைச் சூரியன் அதன் வளைவுகளில் நூறாய் உடைந்து சுடர, வென்ற மகள் அதை வலத்தோளில் சாய்த்து முன்னே நடக்க, தந்தை சாவி குலுக்கி இடப்புறம் வர, தாய் திருநீற்றுப் பொட்டலம் ஏந்திப் பின்தொடர, எஞ்சிய பன்னிரண்டு போட்டியாளரும் விலகி வழிவிட, கடல்போல் விரிந்த அந்த வண்டி நிறுத்துமிடத்தைக் குறுக்காகக் கடந்து, வெற்றி ஊர்வலம் டொயோட்டா கேம்ரியின் பின்புறத்தை அடைந்தது.

அது டிக்கியில் கொள்ளவில்லை, அதனால் வசந்தாமணி பின்சீட்டில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.