மாடு என்று எழுதிக் கொடுத்த அணில்

ஒரு காட்டில் ராஜா கிடையாது. ராஜாவுக்குப் பதிலாக ஒரு ஆராய்ச்சி நிலையம் இருந்தது. மனிதன் எப்படி யோசிக்கிறான், எதை ஞாபகம் வைக்கிறான், எதனால் இப்படி இருக்கிறான் என்று பல துறைக்காரர்கள் ஒரே புளியமரத்தடியில் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். ஞாபகத் துறைக்கு யானை. நடத்தைத் துறைக்குக் குரங்கு. எல்லாருக்கும் மேலே இயக்குநராக ஆந்தை.

அங்கே வேலைக்குச் சேர ஒரே தகுதிதான். மனிதனைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தவர்களுக்கு மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், ஆராய்ச்சி கெட்டுப்போகும் என்று ஆந்தை விதி போட்டிருந்தது. காக்கை மட்டும் தினமும் ஊருக்குப் போய் வரும். அதனால் அதற்குத் தண்ணீர் கொண்டு வந்து வைக்கிற வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

ஒன்பது வருஷம் ஆராய்ந்து எல்லாத் துறையும் ஒத்துக்கொண்ட ஒரே முடிவு, "மனிதன் எடுத்ததைத் திருப்பித் தரமாட்டான்" என்பது. அறிக்கை எழுதியாகிவிட்டது. மறுநாள் காட்டைக் கூட்டி வாசிக்க வேண்டியதுதான் பாக்கி.

அன்றைக்குக் காலையில் ஒரு அணில் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"ஐயா, காட்டோரத்து வீட்டு முருங்கை மரத்துலதான் என் கூடு. காத்துல என் பிள்ளை கீழே விழுந்திடுச்சு. கண் திறந்து நாலு நாள்தான் ஆகுது. துணி காயப்போட வந்த வீட்டம்மா அதை உள்ளே தூக்கிட்டுப் போயிட்டாங்க. மனுஷங்களைப் பத்தி உங்களுக்கு எல்லாம் தெரியுமாமே. திருப்பித் தருவாங்களா? நான் ஜன்னல்கிட்ட போய் நிக்கட்டுமா? பால் கட்டி நெஞ்செல்லாம் வலிக்குதுய்யா."

"முதலில் படிவம்" என்றது ஆந்தை. "பிள்ளை என்றால் என்ன? சொந்த வார்த்தையில் எழுது."

அணில் கொஞ்ச நேரம் யோசித்து, "பக்கத்தில் இல்லாவிட்டால் அழுகை வருவது" என்று எழுதியது.

"அளவு போடலையே" என்றது குரங்கு.

"என் வாலில் பாதி" என்று சேர்த்து எழுதியது.

தண்ணீர் வைக்க வந்த காக்கை, "அக்கா, பயப்படாதே. அந்த வீட்டம்மா பேர் சகாயமேரி. தினமும் எனக்குச் சோறு வைக்கும். இப்பக்கூட உன் பிள்ளைக்கு இங்க் ஃபில்லர்ல பால் குடுத்துக்கிட்டு இருக்கு. நானே பார்த்தேன்" என்றது.

"பார்த்தேன் கீர்த்தேன் எல்லாம் இங்கே செல்லாது" என்றது ஆந்தை. பிறகு படிவத்தில் முத்திரை குத்தி அணிலிடம் கொடுத்தது. "எங்கள் முடிவின்படி பிள்ளை வராது. நீ போகலாம்."

அணில் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதது.

அப்போது சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. சகாயமேரிதான். அணில் கத்திக்கொண்டு ஓடின திசையைப் பார்த்தே நடந்து வந்திருக்கிறாள். கையில் ஒரு செருப்புப் பெட்டி. குரங்கு உச்சிக் கிளைக்கு ஓடியது. ஆந்தை பொந்துக்குள் போனது. யானைக்கு ஒளிய இடமில்லை, கண்ணை மூடிக்கொண்டது.

சகாயமேரி பெட்டியை மரத்தடியில் வைத்தாள். "உங்கம்மா இங்கதான் இருக்கா. வந்து தூக்கிக்குவாடா தங்கம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அணில் பெட்டிமேல் பாய்ந்தது. அதற்குள் குரங்கு இறங்கி வந்து மூடிமேல் கால் வைத்தது.

"தொடாதே! மனிதன் கை பட்ட பொருள். நிலையத்துக்குச் சொந்தம். மூணு வருஷம் வைத்துப் பார்க்கணும்."

"மூணு வருஷமா? எங்க ஆயுசே அவ்வளவுதான், சாமி!"

ஆந்தைக்கு வேறு கவலை. "திருப்பித் தந்துவிட்டதே" என்றது மெதுவாக.

"அறிக்கையை மாத்தணும் போல" என்றது யானை.

"நீங்களும் குரங்கும் இன்னொரு தடவை ஒரே முடிவுக்கு வருவதற்குள் நான் செத்துப் போவேன்" என்றது ஆந்தை.

பிறகு ஆந்தை தொண்டையைச் செருமியது. "மனிதன் திருப்பித் தரமாட்டான். இது திருப்பித் தந்தது. அப்படியானால் இது மனிதன் இல்லை."

"பின்னே என்ன?" என்றது குரங்கு.

"ஊர்ப் பக்கமிருந்து வந்தது. பால் கொடுக்கும் என்று காக்கையே சொன்னது. மாடுதான்" என்றது யானை.

"ரெண்டு காலில் நடந்ததே?"

"அவசரமாக வந்திருக்கும்."

ஆந்தை அணிலைப் பார்த்தது. "மாடு கொண்டு வந்த பொருள் எங்களுக்கு வேண்டாம். நீ கிட்டத்தில் இருந்து பார்த்தவள். மாடு என்று எழுதிக் கொடு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போ."

"பார்த்ததுதான் செல்லாதுன்னீங்க?" என்றது காக்கை.

"மாட்டைப் பார்க்கத் தடையில்லை."

"ஐயோ, அது சகாயமேரி அக்கா! நைட்டி மாட்டி, மேலே துண்டு போட்டுக்கிட்டு வந்துச்சு. மாடு எங்கேயாவது நைட்டி போடுமா?" என்றது காக்கை.

எல்லாரும் அணிலைப் பார்த்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம் வந்தது.

"போடும்" என்றது அணில். "எங்க பக்கத்து மாடெல்லாம் நைட்டிதான். பூப்போட்டது."

எழுதி, கையெழுத்தும் போட்டது. குரங்கு காலை எடுத்தது.

"ஏன்க்கா, அந்தம்மா எவ்வளவு தூரம் நடந்து வந்துச்சு! உனக்கே இது நல்லா இருக்கா?" என்று காக்கை கேட்டது.

அணில் வாயில் பிள்ளையைக் கவ்வியிருந்தது. அதனால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அறிக்கையை வாசித்தார்கள். மாடுகளின் நல்ல குணம் பற்றிக் கடைசியில் ஒரு பக்கம் சேர்த்திருந்தார்கள். காடே கைதட்டியது.

நீதி: பிள்ளை கைக்கு வருமென்றால், வந்தது மாடு என்றே கையெழுத்துப் போடுங்கள். மாடு வந்து மறுத்துப் பேசாது. நல்லது செய்த மனுஷிக்கு அறிக்கை படிக்க நேரம் இருக்காது.